தலைக்கட்டு இல்லாத வீடு

கடலூரில் இறங்கியதும் நான் முதலில் பார்த்தது கடலை அல்ல, கம்பளிக் கோட்டுகளை. பழைய டவுனில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கு. அதற்குள் ஆளுயரத்துக்கு மூட்டைகள். கூலியாள் ஒருவர் கயிற்றை அறுத்ததும் பொலபொலவென்று விழுந்தவை எல்லாம் பனிக்காலத்து உடுப்புகள். முழங்கால் வரை தொங்கும் கோட்டு, காதை மூடும் குல்லாய், கைக்கு உறை. அந்தக் கிடங்கில் சும்மா நின்றதற்கே எனக்கு முதுகில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் புண்ணியவான் எந்த ஊர் மீனவனை நினைத்துக்கொண்டு இதை அனுப்பினான் என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். அங்கே பள்ளிக்கூடத்து ஆசிரியை. இந்தக் கரையைப் புயல் புரட்டிப் போட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு நிவாரணச் சங்கம், வலை முடைய நைலான் நூலும் குழந்தைகளுக்குப் பால் பவுடரும் அனுப்பியிருந்தது. அவற்றைக் கொடுத்துவிட்டு வரப் பொறுப்பேற்றவர் ஹென்ட்ரிக் என்ற ஹாலந்துக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் ஊர்க் கிளையில் தமிழும் இங்கிலீஷும் தெரிந்து, பள்ளி விடுமுறையும் கையில் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். வாயை மட்டும் இரவல் கொடுத்தால் போதும் என்று நினைத்துக் கப்பலேறினேன்.

ஹென்ட்ரிக் கோட்டுகளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒன்றைக் கையில் எடுத்துத் தூசியைத் தட்டினார். "போர் முடிந்த குளிர்காலத்தில் எங்கள் தெருவுக்கும் இப்படி ஒரு மூட்டை வந்தது. எனக்குக் கிடைத்தது ஒரு பெண்பிள்ளையின் சிவப்புக் கோட்டு. பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். ஆனால் அந்தக் குளிரில் நான் சாகவில்லை" என்றார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பதை ஹாலந்துக்காரர் ஒருவர் எனக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. வாயை மூடிக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் மீன் குழம்பு. பினாங்கில் நாங்கள் வைக்கும் குழம்பில் தேங்காய்ப்பால் தாராளமாக இருக்கும், நாக்கைத் தாலாட்டும். இங்கே புளியும் மிளகாயும் மட்டும் சேர்ந்துகொண்டு நேராக மூளைக்கு ஏறின. ஹென்ட்ரிக்குக்கு விக்கல் எடுத்து, கண்ணில் நீர் வந்து, அப்படியும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பரிமாறியவர் என்னிடம், "தொரைக்கு ஒடம்புக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று கேட்டார். அப்படியே ஏதாவது ஆனாலும் அது உங்கள் பொறுப்பில்லை என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் குப்பத்துக்குப் போனோம். தேவனாம்பட்டினத்தைத் தாண்டிக் கரையோரமாகப் போனால் வருகிற பல குப்பங்களில் ஒன்று. பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும். வழியில் எங்கள் ஜீப் மணலில் அச்சு வரை புதைந்தது. டிரைவர் எஞ்சினை முறுக்க முறுக்க அது இன்னும் கீழே போனது. கரையில் இருந்த ஆட்கள் ஓடி வந்து, அடியில் கட்டை கொடுத்து, கட்டுமரத்தைக் கரையேற்றுகிற மாதிரி ஒரே மூச்சில் குரல் கொடுத்துத் தூக்கி வைத்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த என்னை இறங்கச் சொல்லக்கூட இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

ஊர் நாட்டாமை கோயில் வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தார். என் கண்ணையே நம்ப முடியவில்லை. இடுப்பில் கோவணம், மேலே முழங்கால் வரை பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு. முன்பே வந்த ஒரு மூட்டையில் கிடைத்ததாம். "விடியக்காலம் கடலுக்குப் போறப்ப நல்லா கதகதன்னு இருக்கும் டீச்சரம்மா. இப்ப நீங்க வரீங்கன்னு மரியாதைக்குப் போட்டுக்கிட்டேன்" என்றார். அறுபது வயதிருக்கும். வேர்வை தாடியில் சொட்டிக்கொண்டிருந்தது, கோட்டைக் கழற்றவில்லை.

ஹென்ட்ரிக் சொன்ன திட்டம் இது: புயலில் ஆளையோ கட்டுமரத்தையோ பறிகொடுத்த வீடுகளுக்கு நூலைக் கொடுப்பது. நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் நாட்டாமை தலையை ஆட்டிவிட்டார்.

"வீடு வீடா குடுக்காதீங்க. குடுக்கறதா இருந்தா ஊருக்குக் குடுங்க. ஊரு பங்கு போட்டுக்கும். எங்கள்ல வரி கட்டற ஊடு ஒவ்வொண்ணும் ஒரு தலைக்கட்டு. கடல்ல கெடச்சாலும் சரி, கவர்மெண்டு குடுத்தாலும் சரி, தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. ஒருத்தனுக்கு ஜாஸ்தி, ஒருத்தனுக்குக் கம்மின்னு கெடையாது."

இதை ஹென்ட்ரிக்கிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "நாங்கள் ஜெனிவாவில் உட்கார்ந்து சமத்துவம் என்று கூட்டம் கூட்டமாகப் பேசுகிறோம். இவர்கள் அதை மணலில் உட்கார்ந்து நடத்திக்கொண்டிருக்கிறார்கள்" என்றார். பழைய திட்டத்தை அங்கேயே மூட்டை கட்டினார். வரி கட்டாத வீடு எது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கும் மனசு குளிர்ந்துதான் போயிருந்தது.

நாட்டாமை கையில் காகிதம் எதுவும் இல்லை. கடலோரத்து முதல் வீட்டிலிருந்து வரிசையாக, வீட்டுக்கு உரிய ஆம்பளை பெயரை மனப்பாடமாகக் கூப்பிட்டார். பெயர் வந்தவன் "இருக்கேன் மாமா" என்று சொல்லி வந்து நூல் கட்டை வாங்கிக்கொண்டான். சச்சரவு கிடையாது, தள்ளுமுள்ளு கிடையாது. பினாங்கில் ரேஷன் சர்க்கரைக்கு நாங்கள் நின்ற வரிசையை நினைத்துக்கொண்டேன். அங்கே முழங்கையால் இடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் படித்தவர்கள்.

பெண்கள் தூரத்தில் தாழை மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க் கூட்டத்துக்குள் பெண்கள் வருவது வழக்கமில்லையாம். நானும் பெண்தானே என்றேன். "நீங்க கப்பல்ல வந்தவங்க" என்றார் நாட்டாமை.

பால் பவுடர் ஏற்றிய ரயில் வேகன் எப்படியோ சிதம்பரம் போய் நின்றுவிட்டதாகத் தகவல் வந்ததால், அடுத்த நாள் அங்கே போனோம். ஸ்டேஷன் அலுவலகத்தில் வேகன் தங்களுடையதல்ல என்றார்கள். பிறகு தங்களுடையதுதான், ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். ஹென்ட்ரிக் பால் டின்களுக்குக் காவலாக பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் நடராஜரைப் பார்த்துவிட்டு வந்தேன். கையெழுத்துக்காரர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே.

சரி, நாமும் சாப்பிடுவோம் என்று ஹென்ட்ரிக்கைக் கிளப்பி ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு ஊற்றினார்கள். சுட்ட கத்தரிக்காயும் புளியும் வறுத்து அரைத்த மசாலாவும் சேர்ந்து அது ஒரு தனி ருசி. இந்த ஒன்றுக்காகவே கடல் தாண்டி வரலாம். ஹென்ட்ரிக் கரண்டியை வைத்துவிட்டுக் கையால் சாப்பிடத் தொடங்கியது அன்றுதான். திரும்பி வந்தபோது கையெழுத்து ஆகியிருந்தது. டின்களை லாரியில் ஏற்றிக் கடலூர்க் கிடங்குக்கு முன்னால் அனுப்பினோம். லாரியில் எங்களுக்கு இடமில்லை. கடலூர் பஸ்ஸில் ஏறினோம்.

பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் முன்னாலிருந்து ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. கண்டக்டர் எல்லாரையும் இறக்கிவிட்டு, தகர டப்பாவோடு தண்ணீருக்குப் போனார். புளியமரத்து நிழலில் ஒதுங்கினோம். கடைசி வரிசையில் வந்த ஒரு பெண் காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். கருவாட்டு வாசம். கண்டக்டர் பஸ்ஸில் அவளை யாருக்கும் பக்கத்தில் உட்கார விடாமல் வந்ததை நான் பார்த்திருந்தேன். அந்தக் கோபத்தில் வேண்டுமென்றே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவளே பேச்சை ஆரம்பித்தாள். "நீங்கதான நூலு குடுக்க வந்தவங்க? நேத்துப் பாத்தனே."

அதே குப்பத்துக்காரி. பெயர் அஞ்சலை, முப்பது வயதுக்குள் இருக்கும், இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் எங்கே என்று கேட்டேன். புயல் அன்றைக்குக் கடலில் இருந்தாராம். மரம் மட்டும் கரைக்கு வந்ததாம், அதுவும் துண்டு துண்டாக. ஏதோ ஆறுதல் மாதிரி, "உங்க வீட்டுக்கும் நூல் கிடைச்சுதில்ல, அதை வெச்சு..." என்று இழுத்தேன்.

"எங்க ஊட்டுக்கு ஏதும்மா? எங்க ஊடு இப்ப தலைக்கட்டு இல்லியே" என்றாள். அழவில்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்கிற மாதிரி சொன்னாள்.

துருவித் துருவிக் கேட்டேன். புருஷன் செத்ததும் ஊர் கூடி, பாவம், தனிக்கட்டை ஆகிவிட்டாள், இனி இவள் ஊர் வரி கட்ட வேண்டாம் என்று தள்ளுபடி செய்தார்களாம். அவளுக்கு மட்டுமல்ல, புயலில் தாலி அறுத்த எல்லாருக்கும். இரக்கப்பட்டுத்தான் செய்தார்கள். ஆனால் வரி கட்டாத வீடு தலைக்கட்டு இல்லை. தலைக்கட்டு இல்லாத வீட்டுக்குப் பங்கு இல்லை. உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் புயலில் செத்தவன் குடும்பத்துக்கு என்று சேர்த்து அனுப்பிய பொருள், செத்தவன் குடும்பத்தைத் தவிர எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாங்கள் பக்கத்தில் நின்று கைதட்டிவிட்டு வந்திருக்கிறோம்.

"நீங்கதான் கடலுக்குப் போறதில்லையே, நூல் கிடைச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "எங்க தம்பி வலை முடைஞ்சு குடுப்பான். அவன் மரத்துல ஏத்தி வுடுவேன். புடிச்ச மீனுல ஆளுக்கு ஒரு பங்கு, மரத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. நான் கரையில இருந்தாலும் என் வலை சம்பாரிக்கும். புள்ளைங்க பட்டினி கெடக்காது. இப்ப வட்டிக்கு வாங்கிக் கருவாடு விக்கறேன்."

ஹென்ட்ரிக்கிடம் சொன்னேன். அவர் மரத்தடியிலிருந்து எழுந்து ரோட்டுக்குப் போய், வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் காதுகள் சிவந்திருந்தன. அஞ்சலை என் கையைப் பிடித்தாள். "தொரைய ஊர்ல வந்து கேக்க வெச்சிராதீங்கம்மா. ஊரு மேல பிராது குடுத்தேன்னு என்னத் தள்ளி வெச்சிருவாங்க. அப்புறம் நெருப்பு, தண்ணிகூட எவனும் குடுக்க மாட்டான்."

அதையும் அவரிடம் சொன்னேன். அவளைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன், ஆனால் சும்மாவும் இருக்க முடியாது என்றார். நான் கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன். "சிவப்புக் கோட்டு அன்றைக்கு என் தெருவோடு நின்று, என் வீட்டுக்கு வராமல் போயிருந்தால்?" என்று திருப்பிக் கேட்டார். இந்த ஐரோப்பியருக்கு இருக்கிற பிடிவாதம் நம்மூர் வேலிக்கருவைக்குக்கூட இருக்காது.

மறுநாள் காலையில் ஊர் கூடியது. ஹென்ட்ரிக் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். புயலில் இறந்தவர்களின் வீடுகளுக்கும் பங்கு தர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வரும் பொருள்களைச் சங்கம் இந்த ஊருக்கு அனுப்ப முடியாது என்றார். நான் அதைத் தமிழில் சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

நாட்டாமை அதே கோட்டில் உட்கார்ந்திருந்தார். "டீச்சரம்மா, ஊருன்னா தலைக்கட்டு. சாவு வந்தா ஊரு தூக்கும். சண்டை வந்தா ஊரு நிக்கும். அதுக்குத்தான் வரி. வரி கட்டாத ஊட்டுக்குப் பங்கு குடுத்தா, நாளைக்கு எவன் வரி கட்டுவான்? அவுங்களுக்கு ஊரு தயவு காட்டியிருக்குது. வெளிநாட்டுக்காரரு வந்து ஊர ரெண்டாப் பிரிச்சுட்டுப் போயிடுவாரு. அப்புறம் நாங்கதான ஒண்ணா இருக்கணும்?" பிறகு எழுந்து நின்று ஊரைப் பார்த்து, "எடுத்தாங்கடா" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. ஆட்கள் கலைந்து வீடுகளுக்குப் போனார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொருவன் தோளிலும் நூல் கட்டு இருந்தது. எங்கள் ஜீப்புக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து போட்டார்கள். ஒருவன் பாதி வலை முடைந்திருந்தான். அந்தப் பாதி வலையையும் கொண்டு வந்து மேலே போட்டான். வெள்ளை வெளேரென்று இடுப்பளவு குவியல். "நீங்க குடுத்தது கொறையாம இருக்குது. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் நாட்டாமை.

என் ஆயுளில் இப்படி ஒரு அதிர்ச்சியை நான் அனுபவித்ததில்லை. பருத்தி வலை இற்றுப்போய், கடலுக்குப் போக வழியில்லாமல் இருக்கிற ஜனங்கள். ஒருவன்கூட முணுமுணுக்கவில்லை. ஹென்ட்ரிக்கின் முகத்தில் ரத்தமே இல்லை. தாழை மறைவில் பெண்கள் மட்டும் கொந்தளித்தார்கள். "எந்தச் சிறுக்கி போய் ஓதினாளோ" என்று ஒரு குரல் கேட்டது. அஞ்சலையின் சோற்றில் நாங்களே மண்ணைப் போட்டுவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது அவள் வந்தாள். தாழையை விட்டு, மணலைத் தாண்டி, ஆம்பளைகள் உட்கார்ந்திருந்த வட்டத்துக்குள் நடந்து வந்தாள். யாரோ, "ஏய், பொம்பள உள்ள வராத" என்றார்கள். அவள் நிற்கவில்லை. நாட்டாமைக்கு முன்னால் வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, சிதம்பரத்தில் கருவாடு விற்ற காசை மணலில் வைத்தாள்.

"இது எங்க ஊட்டு வரி, மாமா."

நாட்டாமை காசையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "ஒனக்குத்தான் வரி வேணாம்னு ஊரு சொல்லிடுச்சே, அஞ்சலை."

"நான் கேட்டனா மாமா? நீங்களா சொன்னீங்க. எம்மேல எரக்கப்பட்டாங்களேன்னு அன்னிக்கு நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். வரியோட சேத்து என்னையும் வேணாம்னுட்டீங்கன்னு எனக்குத் தெரியல. எனக்கு நூலு வேணாம். தொரை குடுக்கறத நான் கேக்கல. என் ஊட்டு வரிய வாங்கிக்கங்க."

ஹென்ட்ரிக் என் தோளைத் தொட்டு என்ன நடக்கிறது என்று கேட்டார். பொறுங்கள் என்றேன். இரவல் கொடுத்த வாய் அந்த நேரத்தில் எனக்கே வேண்டியிருந்தது.

நாங்கள் உரிமை, உரிமை என்று பேசினோம். பங்கு கொடு, பங்கு கொடு என்று மிரட்டினோம். அது எல்லாவற்றுக்கும் அந்த ஊரிடம் பதில் இருந்தது. வரியை வாங்கிக்கொள் என்று நீட்டுகிற கைக்கு மட்டும் பதில் இல்லை. வரி இல்லாவிட்டால் ஊரே இல்லை என்கிற மாதிரி சற்று முன்னால் சொன்னவர் நாட்டாமைதான்.

நாட்டாமை குனிந்தார். காசைப் பொறுக்கிப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தார். பிறகு, நாங்கள் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அந்தக் கோட்டைக் கழற்றி ஜீப்பின் மேல் வைத்தார். குவியலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, கடலோரத்து முதல் வீட்டிலிருந்து பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். "இருக்கேன் மாமா", "இருக்கேன் மாமா" என்று பதில் வந்தது. யாருக்கும் நூலை எடுத்துக் கொடுக்கவில்லை. பெயர் மட்டும்தான். ஓர் இடத்தில் குரல் தடுமாறியது.

"கலியபெருமாளு."

அஞ்சலையின் செத்துப்போன புருஷன் பெயர். மறுபடி கூப்பிட்டார்.

"அவுரு இல்ல மாமா" என்றாள் அவள். "நான்தான் இருக்கேன். என் பேரச் சொல்லிக் கூப்புடுங்க."

அந்த வரிசையில் ஒரு பெண்ணின் பெயர் அதுவரை வந்ததே இல்லையாம். நாட்டாமை கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அஞ்சலை."

"இருக்கேன் மாமா."

அடுத்த பெயருக்கு அவர் வாயெடுப்பதற்குள் தாழை மறைவிலிருந்து இன்னொரு குரல் வந்தது. "எங்க ஊட்டையும் தாண்டிப் போயிட்டீங்க மாமா. வரி கொண்டாரேன்." அதற்குப் பின்னால் இன்னொன்று. வெள்ளைச் சேலைகள் ஒவ்வொன்றாக வெயிலுக்கு வந்தன. நான் எண்ணவில்லை. கண் மறைத்தது.

குவியலையும் வந்து நின்ற பெண்களையும் பார்த்த ஒருவன், "மாமா, இத்தினி பேருக்குப் பிரிச்சா ஒரு வலைக்குக்கூட நூலு பத்தாதே" என்றான். பாதி வலையைக் கொண்டு வந்து போட்டவன்தான். அவன் சொன்னதும் நியாயம்தான்.

நாட்டாமை குனிந்து முதல் கட்டின் முடிச்சை அவிழ்த்தார்.

"பத்தலன்னா எல்லாருக்குந்தான் பத்தலடா, மாப்ள. ஒக்காரு, பங்கு போடலாம்."